மக்னிதிஸ்தாத்: ‘கள்ள நாடா’ அல்ல

மக்னிதிஸ்தாத் என்பது ரஷ்ய மொழிப் பெயர்ச்சொல். சோவியத் ஒன்றியத்தில் அரசு இசைத்தட்டு நிறுவனமான மெலோதியாவின் வாசலை மிதிக்காமல், தணிக்கைக்கும் காட்டாமல், பாடகர் பாடியதை ஒலிநாடாவில் பதிந்து நண்பர்களுக்குள் படியெடுத்துப் பரப்பிய வழக்கத்தை இது குறிக்கும். அப்படிப் பரவிய பதிவுகளுக்கும் இதே பெயர்தான்.

சொல்லின் முற்பாதி, ஒலிநாடாக் கருவியைக் குறிக்கும் ‘மக்னிதஃபோன்’ என்பதிலிருந்து வந்தது. பிற்பாதியான ‘இஸ்தாத்’, பதிப்பகத்தைக் குறிக்கும் சொல்லின் வெட்டுத்துண்டு. ‘இஸ்’ என்றால் வெளியே, ‘தாத்’ என்றால் கொடுத்தல். நம்முடைய ‘வெளியீடு’ என்ற சொல்லும் ஏறக்குறைய இதே அமைப்புதான். அரசுப் பதிப்பகத்தைச் சுருக்கமாக ‘கோஸிஸ்தாத்’ என்பார்கள். 1940களில் நிகலாய் கிளாஸ்கோவ் என்ற கவிஞர் தன் கவிதைகளைத் தானே தட்டச்சு செய்து, பதிப்பகத்தின் பெயர் வரவேண்டிய இடத்தில் ‘என்னை நானே பதிப்பித்தது’ என்று பொருள்படும் ஒரு கேலிப்பெயரைப் போட்டுக்கொண்டார். அது சுருங்கி ‘சமிஸ்தாத்’ ஆனது. எழுத்துக்கு சமிஸ்தாத் என்றால் பாட்டுக்கு மக்னிதிஸ்தாத். 1960களில் ஒலிநாடாக் கருவி வீடுகளுக்குள் வந்தபோது இந்தச் சொல்லும் கூடவே வந்துவிட்டது.

படியெடுக்கும் இயந்திரங்களை அலுவலகங்களில் பூட்டிவைத்துக் காவல் காத்த அரசு, ஒலிநாடாக் கருவியைக் கடையில் தாராளமாக விற்றது. ‘எரிகா’ தட்டச்சுப்பொறி நான்கு படிகள் எடுக்கும், அது போதும் என்று ஒரு பாட்டில் பாடிய கவிஞரும் பாடகருமான அலெக்சாந்தர் காலிச், அதே பாட்டில் ‘யாவுஸா’ ஒலிநாடாக் கருவி இருக்கிறது, அதுவும் போதும் என்றார். 1971இல் அவரை எழுத்தாளர் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். 1974இல் நாட்டை விட்டே போக நேர்ந்தது. நாடாக்கள் மட்டும் ஊரில் சுற்றிக்கொண்டிருந்தன.

பதிவு நடப்பது பெரும்பாலும் யாராவது ஒருவருடைய வீட்டில். சாப்பாட்டு மேசையைச் சுற்றிப் பத்து இருபது பேர், ஒரு கிதார், நடுவில் ஒலிவாங்கி. அதனால் புலாத் ஒக்குஜாவா, காலிச் போன்றோரின் பழைய நாடாக்களில் கண்ணாடிக் குவளைகள் இடிபடுவதும், இருமலும், அடுத்து எதைப் பாடுவது என்ற பேச்சும் சேர்ந்தே கேட்கும். பிறகு இரண்டு கருவிகளைக் கம்பியால் இணைத்துப் படியெடுப்பார்கள். ஒரு மணி நேரப் பாட்டுக்கு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். படிக்குப் படி இரைச்சல் ஏறும். கருவியின் வேகம் சற்றுப் பிசகினால் பாடகரின் சுருதியே மாறிவிடும். ஐந்தாறு கை மாறிய நாடாவில் சொற்களை ஊகித்துத்தான் பிடிக்க வேண்டும்.

இப்படித்தான் பாடகரும் நடிகருமான விளதீமிர் விசோத்ஸ்கி நாடு முழுவதும் தெரிந்த குரலானார். உயிரோடு இருந்தவரை மெலோதியா அவருக்கு வெளியிட்டது சில சிறிய இசைத்தட்டுகளோடு சரி. 1980 ஜூலை 25 அன்று, மாஸ்கோ ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தபோது அவர் இறந்தார். செய்தித்தாள்களில் வந்தது ஓரிரு வரிதான். ஆனாலும் அவர் நடித்த தகான்கா நாடக அரங்கின் முன் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். 1987 முதல் அதே மெலோதியா அவருடைய கச்சேரிப் பதிவுகளை வரிசையாக 21 இசைத்தட்டுகளாக வெளியிட்டது. விற்பனை நன்றாக நடந்திருக்கும், சந்தேகமில்லை.

இனி தமிழில் என்ன சொல்வது? ‘கள்ள நாடா’ என்று எழுதினால் அது பிழை. அடுத்தவர் உழைப்பைத் திருடி விற்பதைத்தான் நாம் அப்படிச் சொல்கிறோம். அந்தப் பெயர் பொருந்துவது இதற்கு முந்தைய தலைமுறையின் ‘எலும்பு இசை’க்கு. பழைய எக்ஸ்ரே படலங்களை வட்டமாக வெட்டி, அவற்றில் தடைசெய்யப்பட்ட பாட்டுகளைக் கீறி, தெருவோரம் காசுக்கு விற்றார்கள். மக்னிதிஸ்தாத்தில் பாடுபவரே முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பதிந்துகொண்டவருக்கும் பெரும்பாலும் பணம் கிடையாது.

‘காந்தநாடாப் பதிப்பு’ நேர்ப்பொருள் தரும்; ஆனால் வன்பொருள் கடைப் பட்டியலில் வரும் பெயர்போல் இருக்கிறது. நம் சிற்றிதழ்கள் அட்டையில் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று போட்டுக்கொண்டன. சந்தைக்கு வராதது, பதிவேட்டில் ஏறாதது, தெரிந்தவர் கையிலேயே சுற்றுவது என்ற மூன்றும் அந்த ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடுகின்றன. ஆகவே ‘தனிச்சுற்று ஒலிநாடா’ என்பதே என் தேர்வு. சமிஸ்தாத்துக்குத் ‘தன்வெளியீடு’ போதும்.

1980களின் லெனின்கிராத் ராக் குழுக்களுக்கு ‘தனிச்சுற்று ஒலிநாடா’வை அப்படியே ஒட்டவைக்க முடியாது. சிறுவர் மன்றம் ஒன்றில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்த அந்திரேய் திரப்பீலோவிடம் அக்வாரியும், கினோ போன்ற குழுக்கள் திட்டமிட்டே முழுத் தொகுப்புகளைப் பதிந்தன. நாடாப் பெட்டியில் புகைப்படம் ஒட்டி அட்டையும் செய்தன. அவற்றை ரஷ்யர்களே ‘மக்னிதோஅல்பம்’ என்று பிரித்துச் சொல்கிறார்கள். நாமும் ‘நாடாத் தொகுப்பு’ என்று தனியாகச் சொல்லிவிடலாம்.