பழைய புல்வெட்டும் மெஷினுக்கு பாகம் தேடும்போது

கோயம்புத்தூர்ப் பக்கம் ஏதாவது பழைய பங்களா ஷெட்டில் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் கம்பெனி எஞ்சின் பூட்டிய புல்வெட்டும் மெஷின் கிடைத்தால், ‘மூன்றரை எச்பி எஞ்சினுக்கு பிஸ்டன் ரிங் வேணுங்க’ என்று கடையில் போய் நிற்காதீர்கள். அதே எச்பியில் பல மாடல்கள் வந்திருக்கின்றன. ஃப்ளைவீலை (கிராங்க் தண்டின் முனையில் சுழலும் கனமான சக்கரம்) மூடியிருக்கும் தகரத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடையுங்கள். மாடல், டைப், கோடு என்று மூன்று எண்கள் குத்தியிருக்கும்.

மாடல் 92908 என்று வைத்துக்கொள்வோம். முதல் 9 எஞ்சினின் கொள்ளளவு: 9 கன அங்குலம், சுமார் 148 சிசி. 2 என்பது வடிவமைப்பு வரிசை. அடுத்த 9, கிராங்க் தண்டு செங்குத்தாக நிற்பதையும், பல்சா-ஜெட் கார்புரேட்டர் இருப்பதையும் சொல்கிறது. எஞ்சின் காற்றை இழுக்கும் துடிப்பிலேயே ஒரு டயாஃப்ரம் அசைந்து பெட்ரோலை ஏற்றும் கார்புரேட்டர் அது. 0 சாதா பேரிங். கடைசி 8, கயிற்றை மேல்நோக்கி இழுக்கும் ஸ்டார்ட்டர்.

கோடு 79053104 என்றால் 1979 மே 31-இல் செய்தது. கடைசி இரண்டு இலக்கம் ஆலையைக் குறிக்கும். தேதி ஏன் வேண்டும்? 1982 வாக்கில்தான் மேக்னட்ரான் எனும் மின்னணு இக்னிஷன் (பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறி தரும் அமைப்பு) வந்தது. இது அதற்கு முந்தியது என்பதால் ஃப்ளைவீலுக்கு அடியில் பொறிக்கான பழைய பாகங்களான பிளாட்டினம் பாயிண்டும் கண்டன்சரும் இருக்கும்.

சரி, எல்லாவற்றையும் வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டுமா? இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் பேக்கிங்கை ஷீட்டில் வெட்டிக்கொள்ளலாம். புஷ் கடைந்து தர கணபதியிலும் பீளமேட்டிலும் லேத்துக்குப் பஞ்சமில்லை. ரிங்கில்தான் கவனம் தேவை. இந்த எஞ்சினின் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 2 9/16 அங்குலம், மெட்ரிக்கில் 65.09 மில்லிமீட்டர். ‘65 தானுங்க, சரியா இருக்கும்’ என்று எடுத்துத் தருவதை நம்பாமல், மாடல் எண்ணைச் சொல்லியே வாங்குங்கள்.

ஃப்ளைவீலைக் கிராங்கோடு சரியான இடத்தில் பொருத்தி வைக்கும் சின்னத் துண்டான ஃப்ளைவீல் கீயை மட்டும் லேத்தில் செய்யவே செய்யாதீர்கள். நம்ம ஊர்க்காரர் நல்ல எஃகில் கடைந்து, ‘இனி ஆயுசுக்கும் போகாதுங்க’ என்பார். அது போக வேண்டிய பாகம்! பிளேடு கல்லில் மோதினால், மெத்தென்ற உலோகக் கீ அறுபட்டு கிராங்கைக் காப்பாற்றும். பாதி அறுந்தால் இன்னும் தொல்லை: ஃப்ளைவீல் சற்றே திரும்பிவிடும், அதிலுள்ள காந்தம் பொறிக்கு மின்சாரம் தரும் காயிலைத் தவறான நேரத்தில் கடக்கும், பொறி வந்தும் எஞ்சின் கிளம்பாது, சிலசமயம் கயிறு கையைப் பிடுங்கும். புதுக் காயிலுக்கு அலையும் முன் ஃப்ளைவீலைக் கழற்றி அந்தக் கீயைப் பார்த்துவிடுங்கள்.