பச்சை மீன் கேட்பதற்கு முன் டீப் பிரீசரைப் பற்றிக் கேளுங்கள்

பாசிக்குடாவுக்குப் போகிறோம், சுஷி (பச்சை மீன் வைத்த ஜப்பான் சோறு) எங்கே நல்லது என்று கேட்பவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். நான் பீ.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர்; என்னிடம் கேட்டால் ஹோட்டலின் நட்சத்திரத்தையா சொல்வேன்? மீன் எந்தக் குளிரில், எவ்வளவு நேரம் கிடந்தது என்பதுதான் என் கணக்கு.

"இண்டைக்கு வாழைச்சேனையில இறங்கின மீன் சேர்" என்பார்கள் சமையற்காரர்கள். குழம்புக்கு அது போதும், பச்சையாகப் பரிமாறப் போதாது. பலநாள் படகு மீன் இன்று இறங்கினாலும் இன்று பிடிபட்டதல்ல. அன்றே பிடித்ததென்றாலும், கடல்மீனின் தசைக்குள் இருக்கக்கூடிய அனிசாகிஸ் புழு ஐஸுக்குச் சாகாது. மைனஸ் 20 பாகை செல்சியஸில் 7 நாள், இல்லையேல் மைனஸ் 35இல் கட்டியாக உறைந்த பிறகு 15 மணித்தியாலம் வைக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அளவு. ஒரு விடுதியில் பிரீசரின் வெளித்திரை மைனஸ் 20 என்றுதான் காட்டியது. அதே பெட்டிக்குள் கோழி, இறால், ஐஸ்கிரீம் எல்லாம். நிமிடத்துக்கொரு தடவை மூடி திறக்கிறது. மீன் பொதிகளுக்கு நடுவே தெர்மோமீட்டரைச் செருகினால் மைனஸ் 11.

கெலவல்லா (மஞ்சள் செட்டை டூனா) போன்ற பெரிய டூனா மீன்களில் புழுப் பயம் குறைவு. அங்கே வில்லன் ஹிஸ்டமைன் என்ற நச்சுப் பொருள். பிடித்த மீன் சூட்டில் கிடந்தால் பக்டீரியா அதை உண்டாக்கும். பிறகு உறைய வைத்தாலும் பொரித்தாலும் போகாது. சூரை, கும்பளாவுக்கும் இதே கதைதான், வீட்டுக் கறியிலும்கூட.

ஆகவே என் யோசனை: பச்சை மீன் ஆசையென்றால் கொழும்புக்குப் போகும்போது வைத்துக்கொள்ளுங்கள். 1995இலிருந்து நடக்கும் நிஹொன்பாஷி போல, அதுவே அன்றாடத் தொழிலாக உள்ள இடங்கள் அங்கே உண்டு. விலை கடிக்கும். அங்கும் உறைய வைத்த விதத்தைக் கேட்கலாம், நல்ல சமையற்காரர் கோபிக்கமாட்டார். கர்ப்பிணிகளுக்கு எங்கேயுமே பச்சை மீன் வேண்டாம். இங்கே, பாசிக்குடாவிலோ அறுகம்பேயிலோ ஜப்பான் சாப்பாடு கண்ணில் பட்டால் சமைத்ததைக் கேளுங்கள்: டெம்புரா (மாவில் தோய்த்துப் பொரித்தது), டெரியாக்கி (இனிப்புச் சோயா சோஸில் வாட்டியது), உடோன் (தடித்த நூடில்ஸ்). நம்மூர் இறாலில் அப்போதே பொரித்த டெம்புராவுக்கு முன்னால் சுஷியெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம். பஃபேயில் ஐஸுக்கு மேல் அடுக்கிய சுஷியில் அடித்தட்டு மட்டும்தான் குளிரும். மேல் வரிசையைத் தொடாதீர்கள்.

காத்தான்குடி, கல்முனை முஸ்லிம் நண்பர்கள் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். டெரியாக்கியில் சேரும் மிரின் என்ற இனிப்பு அரிசி மதுவில் மதுசாரம் உள்ளது; டொன்கொட்சு ராமென் என்ற நூடில்ஸ் சூப் பன்றி எலும்புச் சாறு. வெள்ளிக்கிழமை மரக்கறிக்காரர்களுக்கு மிசோ சூப்பும் பொதுவாக ஆகாது. அதன் அடிச்சாறு நம்முடைய மாசியைப் போல அவித்துப் புகையூட்டிக் காயவைத்த சூரையில் எடுப்பது.

மீன் சாப்பிட்டுச் சற்று நேரத்தில் முகம் சிவந்து, தலையிடித்து, நெஞ்சு படபடத்தால் அது ஹிஸ்டமைன் நஞ்சாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன மீன், எத்தனை மணிக்குச் சாப்பிட்டது என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் வெறும் அலர்ஜி என்று எழுதிவிடக்கூடும். மிஞ்சிய துண்டு இருந்தால் எறியாமல் பொதி செய்து ஐஸில் வைத்து, உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவியுங்கள்.