செம்பர்விவம் – என்றும்வாழி

கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கத்து நர்சரிகளில் இலைகளை ரோஜாப்பூ போல அடுக்கி வைத்திருக்கும் குட்டிச்செடி எதைக் கேட்டாலும் 'சக்குலன்ட்' என்றுதான் பதில் வரும். பாடநூல்கள் இதைச் சதைப்பற்றுள்ள தாவரம் என்கின்றன. நல்ல சொல்தான். ஆனால் கற்றாழை, பிரண்டை, சப்பாத்திக்கள்ளி எல்லாமே அதற்குள் அடங்கிவிடும். ஆல்ப்ஸ் மலைப் பாறை இடுக்கில் வளரும் செம்பர்விவத்தைத் தனியே சொல்ல அது போதாது.

லத்தீனில் 'செம்பெர்' என்றால் எப்போதும்; 'விவுஸ்' என்றால் உயிருள்ளது. 1753-இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இதைப் பேரினப் பெயராகப் பதித்தார். பரவலாக வளர்க்கப்படும் இனத்தின் பெயர் செம்பர்விவம் டெக்டோரம். 'டெக்டோரம்' என்றால் கூரைகளுக்குரியது. இது இருக்கும் வீட்டில் இடி விழாது என்று ஐரோப்பியர் நம்பினார்கள். கி.பி. 800-ஐ ஒட்டிய, பிராங்கிய மன்னர் சார்லமேன் காலத்து ஆணை ஒன்று, தோட்டக்காரன் தன் வீட்டின் மேல் இதை வைத்திருக்க வேண்டும் என்றே சொல்கிறது. அதில் இதன் பெயர் 'ஜூபிடரின் தாடி'; ஜூபிடர் ரோமானியரின் இடிக் கடவுள்.

'எப்போதும் உயிருள்ளது' என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு இலையடுக்கும் ஒரே ஒரு முறைதான் பூக்கும். நடுவிலிருந்து தண்டு எழும்பி, நட்சத்திரம் போன்ற பூக்களை விட்டதும் அந்த அடுக்கு காய்ந்துவிடும். அதற்குள் சுற்றிலும் மெல்லிய கொடி நீட்டிக் குட்டிகள் வேரூன்றியிருக்கும். குலை தள்ளிய மரம் போய்ப் பக்கக்கன்று நிற்கும் வாழைக்கொல்லையைப் பார்த்த டெல்டாக்காரருக்கு இது சட்டென்று விளங்கும். வாழையடி வாழையாகத் தொடரும் அந்தக் கூட்டத்துக்குத்தான் இந்தப் பெயர்.

தமிழில் என்ன சொல்லலாம்? சஞ்சீவி என்றால் வேறு மூலிகை நினைவுக்கு வரும். நித்தியகல்யாணி என்பது ஏற்கெனவே வேறு செடி. கள்ளி என்று முடித்தால் முள்ளைத் தேடுவார்கள். என் தேர்வு 'என்றும்வாழி'. இதிலிருந்து இனப்பெயர்களும் எளிதாகப் பிறக்கின்றன. டெக்டோரத்தைக் கூரைவாழி எனலாம். இலை நுனிக்கு நுனி வெள்ளை இழை பின்னி, ஒட்டடை படிந்தது போலவே தெரியும் அரக்னாய்டியம் இனம் ஒட்டடைவாழி.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இதே தோற்றத்தில் மெக்சிகோ நாட்டு எச்செவேரியாவும் விற்பனைக்கு வருகிறது. அதன் பூத்தண்டு பக்கவாட்டில் கிளம்பும். பூத்தாலும் செடி சாகாது. உதிர்ந்த இலையிலிருந்தே கன்று வரும். என்றும்வாழி கன்று விடுவது கொடியில்தான். இலை விளிம்பில் பொடிப்பொடியாக மயிர் இருக்கும்.

பனிக்கு அடியில் மாதக்கணக்கில் உறங்கும் செடி இது. குளிருக்கு அஞ்சாது, வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் அழுகிவிடும். ஊட்டி, கொடைக்கானல் இதற்கு ஏற்ற இடங்கள். நம் ஊரில் வளர்ப்பது சிரமம் என்று தெரிந்தே இறங்க வேண்டும். வண்டல் களிமண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் தரையில் நடவே வேண்டாம். அகலமான, ஆழமில்லாத மண்தொட்டி எடுத்து, பாதிக்கு மேல் பருமணலும் பொடி செங்கல் ஜல்லியும் போட்டு, மீதிக்கு இலைமக்கு கலந்தால் போதும். மண் முழுக்கக் காய்ந்த பிறகு அடியில் மட்டும் தண்ணீர் விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தாழ்வாரத்துக்குள் வைத்துவிடுங்கள். தை, மாசியில் நல்ல வெயில் காட்டலாம். சித்திரை பிறந்தால் காலை இளவெயில் மட்டும் போதும்.

இவ்வளவு மெனக்கெட முடியாதவர்களுக்கு இதே கிராசுலேசியே குடும்பத்தின் ரணகள்ளி இருக்கிறது. இலை விளிம்பில் குட்டி போடும் அந்தச் செடிக்கு நம் மண் பழக்கம். தரங்கம்பாடிக்கு மொராவியன் என்ற கிறிஸ்தவச் சபையின் மிஷனரியாக வந்து தாவரவியலாளரான பெஞ்சமின் ஹைன், அதன் இலை காலையில் புளிப்பதையும் நடுப்பகலில் சுவையற்றுப் போவதையும் மென்று பார்த்துக் குறித்தார். 1815-இல் அது லண்டன் லின்னேயன் சங்க ஏட்டில் வெளிவந்தது. வெயிலில் இலைத்துளையை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி அமிலமாகச் சேர்த்துவைக்கும் இந்த முறைக்குக் கிராசுலேசியன் அமில வளர்சிதை மாற்றம் என்று பெயர். குடும்பப் பெயரிலுள்ள 'கிராசுஸ்' என்ற லத்தீன் சொல்லுக்குத் தடித்தது என்று பொருள்.