காபிப்பொடி பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

போன மாதம் எங்கள் கடைக்குப் பழைய வாடிக்கையாளர் ஒரு அம்மா வந்தார். பல வருஷமாக எங்களிடம் பொடி அரைத்து வாங்கியவர், விலை ஏறியதும் பாக்கெட் பொடிக்கு மாறியிருந்தார். "தம்பி, டிகாக்ஷன் கன்னங்கரேல்னு இறங்குது, ஆனா குடிச்சா காபி குடிச்ச மாதிரியே இல்ல. ஃபில்டர்ல ஏதோ கோளாறு, பாருங்க" என்று ஃபில்டரையே பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஃபில்டரில் ஒரு கோளாறும் இல்லை. கூடவே கொண்டுவந்திருந்த பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன், மடிப்புக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது: காபி 53 சதவீதம், சிக்கரி 47 சதவீதம். எங்களிடம் அவர் வாங்கிக்கொண்டிருந்தது 80க்கு 20.

இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எது எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும், இதுதான் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. 49 வரை சிக்கரி போடலாம். விதிப்படி எல்லாம் சரியாக இருந்தும் அந்த அம்மாவுக்குத் தான் என்ன குடிக்கிறோம் என்று தெரியவில்லையே, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சிக்கரி ஒரு செடியின் வேர். காய வைத்து வறுத்துப் பொடிப்பார்கள். வறுக்கும்போது வேரில் உள்ள சர்க்கரைச் சத்து கருகிச் சிவந்துவிடுவதால் தண்ணீர் பட்டதும் நிறமாகக் கரைந்து ஓடும், டிகாக்ஷன் கெட்டியாக, கறுப்பாக இருக்கும். ஆனால் அதில் கஃபீன் கிடையாது, காபியின் மணமும் கிடையாது. கறுப்பாக இறங்கினால் ஸ்ட்ராங் என்று நம்மில் பலர் நினைக்கிறோம், அது தப்பு. சிக்கரி விஷமும் அல்ல, 15, 20 சதவீதம் போட்டால் பாலோடு சேரும்போது ஒரு திடம் கிடைக்கும், கும்பகோணம் பக்கத்து நாக்குக்கு அது பழக்கமும்கூட. அளவுதான் விஷயம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு என்றால், கொட்டை விலை. 1975இல் பிரேசிலில் அடித்த உறைபனியால் 1977இல் உலகச் சந்தையில் அராபிகா (மணம் கூடிய காபி ரகம்) தொட்ட உச்ச விலையை அதற்கப்புறம் நாற்பத்தேழு வருஷம் எதுவும் தாண்டவில்லை. 2024 டிசம்பரில் தாண்டியது, 2025 பிப்ரவரியில் பவுண்டுக்கு (சுமார் 454 கிராம்) 4 டாலருக்கும் மேலே போனது. பிரேசிலில் 2021இல் உறைபனி, 2024இல் வறட்சி. வியட்நாமிலும் வறட்சி, போதாததற்கு அங்கே பல விவசாயிகள் காபியை எடுத்துவிட்டு துரியன் பழ மரம் வைத்துவிட்டார்கள், அதனால் எப்போதும் மலிவாகக் கிடைத்த ரோபஸ்டா என்ற இன்னொரு காபி ரகமும் சேர்ந்து ஏறியது. 2025 ஆகஸ்ட்டில் பிரேசில் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் மறுபடி ஒரு ஏற்றம், நவம்பரில்தான் காபிக்கு அந்தக் கூடுதல் வரியை எடுத்தார்கள். ஏற்காட்டுக் கொட்டைக்கும் பிரேசில் பனிக்கும் என்ன சம்பந்தம் என்று கடையில் கேட்பார்கள். இந்தியாவில் விளைவதில் பெரும்பகுதி ஏற்றுமதிக்குப் போகிறது, வெளியே என்ன விலையோ அதுதான் தோட்டத்திலும் விலை.

கொட்டை விலை ஏறினால் வியாபாரிக்கு இரண்டு வழி. ஒன்று, விலையை ஏற்றி வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்குவது. இன்னொன்று, விலையைக் கொஞ்சமாக ஏற்றிவிட்டு சிக்கரியைக் கூட்டுவது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள், எண்கள் உதாரணத்துக்குத்தான். காபிப்பொடி கிலோ 1,000 ரூபாய், சிக்கரி 200 என்று வைத்துக்கொள்வோம். 80:20 கலவைக்குச் சரக்கு அடக்கம் 840 ரூபாய். 53:47 கலவைக்கு 624தான். முதலாவதை 880க்கு விற்றால் நிற்பது 40, இரண்டாவதை 750க்கு 'மலிவாக' விற்றாலும் 126 நிற்கும். வாங்குபவருக்கோ, 130 ரூபாய் மிச்சம் பிடித்தோம் என்ற நினைப்பு. வீட்டில் திடம் போதாமல் ஒரு ஸ்பூன் கூடப் போடும்போது அந்த மிச்சமும் காணாமல் போகும்.

அந்த அம்மாவுக்குக் கடையிலேயே ஒன்று செய்து காட்டினேன். இரண்டு கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர். ஒன்றில் அப்போது அரைத்த தனிக் காபிப்பொடி, இன்னொன்றில் அவர் கொண்டுவந்த பொடி, ஒவ்வொரு ஸ்பூன், கலக்காமல் மேலே தூவினேன். தனிப் பொடி மிதந்தபடியே நின்றது. அவருடையதில் தூவிய சில நொடியில் பழுப்பு நிறக் கோடுகள் புகை மாதிரி கீழே இறங்க ஆரம்பித்தன, அது சிக்கரி. வீட்டில் நீங்களும் பார்க்கலாம், முதல் சில நொடியைத்தான் கவனிக்க வேண்டும், ஏனென்றால் நைசாக அரைத்த காபியும் நேரம் ஆனால் இறங்கிவிடும். சிக்கரி இருக்கிறதா என்றுதான் இதில் தெரியும், எத்தனை சதவீதம் என்று தெரியாது. அதற்கு லேபிள்தான்.

லூஸில் அரைத்து வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். "கிலோவுக்கு இருநூறு சிக்கரி" என்கிறோம். 800 கிராம் காபியோடு 200 சிக்கரியா, ஒரு கிலோ காபியோடு 200 சிக்கரியா? முதலாவது 20 சதவீதம், இரண்டாவது 17க்கும் குறைவு. கடைக்குக் கடை வழக்கம் மாறும், கேட்டுவிடுங்கள். கொட்டையை முதலில் தனியாக எடை போட்டு அரைத்து, சிக்கரியை அப்புறம் தனியாக எடை போட்டுக் கலக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று பார்ப்பதில் கூச்சமே வேண்டாம், ஒழுங்காக வியாபாரம் செய்கிறவருக்கு அதில் வருத்தம் இருக்காது.

காசு இடிக்கிறது என்றால் சிக்கரியைக் கூட்டாதீர்கள். பிளாண்டேஷன் ஏ, பீபெரி மாதிரி விலை கூடிய கொட்டை மட்டும் வாங்குகிறவர்கள் அதில் ஒரு பங்கைக் குறைத்து ரோபஸ்டா சேர்த்துக் கேளுங்கள். மணம் கொஞ்சம் குறையும், கசப்பு தூக்கலாக வரும், ஆனால் திடம் நிற்கும், கஃபீனும் அராபிகாவைவிடக் கிட்டத்தட்ட இரண்டு பங்கு. (ராத்திரி தூக்கம் வராதவர்கள் சாயங்காலக் காபிக்கு இதைத் தவிர்க்கவும்.) அரைக் கிலோ வாங்கி ஒரு மாதம் வைப்பதற்குப் பதில் வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள், புதுப்பொடி குறைவாகப் போட்டாலே போதும்.

அந்த அம்மா கடைசியில் 100 கிராம்தான் வாங்கினார், பாதி ரோபஸ்டா, 15 சதவீதம் சிக்கரி. கவர் மேலே பேனாவால் விகிதத்தையும் அரைத்த தேதியையும் எழுதிக் கொடுத்தேன். இப்போது எல்லாக் கவரிலும் எழுதுகிறோம்.