பாய்காட்: தமிழில் என்ன சொல்வது?

சமூக ஊடகத்தில் அடிக்கடி கண்ணில் படுகிற சொல் ‘பாய்காட்’. படமோ, கடையோ, கிரிக்கெட் ஆட்டமோ, எதன் முன்னாலும் ஒட்டிக்கொள்கிறது. அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர்.

சார்லஸ் பாய்காட் ஓர் ஆங்கிலேயர். அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில், லாக் மாஸ்க் ஏரிப் பக்கம், எர்ன் பிரபுவின் நிலங்களைக் கவனித்துக்கொண்ட ஏஜெண்ட். 1880-ல் குத்தகையைக் குறைக்கச் சொல்லிக் குடியானவர்கள் கேட்டார்கள். கேட்ட அளவுக்குக் குறைக்கப் பிரபு ஒப்பவில்லை. வெளியேற்ற நோட்டீஸ் கொடுக்க ஆள் அனுப்பியவர் பாய்காட். அதற்குச் சில நாள் முன்புதான், செப்டம்பர் 19 அன்று, எனிஸ் ஊர்க் கூட்டத்தில் நிலச் சங்கத் தலைவர் பார்னெல் ஒரு வழி சொல்லியிருந்தார்: துரத்தப்பட்டவரின் நிலத்தை எடுத்துக்கொள்கிறவனை அடிக்க வேண்டாம்; தெருவில், கடையில், சந்தையில், வழிபாட்டு இடத்தில்கூட அவனோடு பேச்சு வைத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த வழி பாய்காட் மேல் பாய்ந்தது. வேலைக்காரர்கள் விலகினார்கள். கடைக்காரர்கள் சாமான் கொடுக்கவில்லை. அறுவடைக்கு ஆள் இல்லை. வடக்கே அல்ஸ்டரிலிருந்து சுமார் 50 பேரை வரவழைத்து, அவர்களுக்குக் காவலாக ஏறக்குறைய ஆயிரம் சிப்பாய்களையும் போலீசையும் நிறுத்தித்தான் பயிரை எடுக்க முடிந்தது. சுமார் 500 பவுண்டு விளைச்சலைக் காப்பாற்ற 10,000 பவுண்டு செலவானதாகக் கணக்குச் சொல்வார்கள். டிசம்பரில் பாய்காட் அயர்லாந்தை விட்டே கிளம்பினார்.

பெயர் சொல்லானது பேச்சுவாக்கில்தான். ஜேம்ஸ் ரெட்பாத் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் உள்ளூர்ப் பாதிரியார் ஜான் ஓ’மாலியோடு பேசிக்கொண்டிருந்தபோது, ஒருவரை ஒதுக்கிவைப்பதைக் குறிக்கும் ‘ஆஸ்ட்ரசைஸ்’ என்ற பழைய சொல் குடியானவர்கள் வாயில் நுழையாதே என்று யோசித்தார்களாம். ‘பாய்காட் செய்வது என்று சொன்னால் என்ன?’ என்றார் பாதிரியார். இந்த ரெட்பாத் அமெரிக்க அடிமைமுறைக்கு எதிராகத் தீவிரமாக எழுதியவர். முக்கால் நூற்றாண்டு கழித்து அதே சொல் அலபாமாவில் கறுப்பின மக்களின் போராட்டத்துக்குப் பெயராகும் என்று அவர் நினைத்திருக்க முடியாது.

சரி, தமிழுக்கு வருவோம். சுதேசிக் காலத்தில் நாம் எடுத்துக்கொண்டது ‘பகிஷ்காரம்’. வடமொழியில் ‘பஹிஸ்’ என்றால் வெளியே. வெளியே ஆக்குவது பகிஷ்காரம். இலங்கைத் தமிழில் இது ‘பகிஷ்கரிப்பு’ என்று இன்றும் உயிரோடு இருக்கிறது. 1931-ல் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் சட்டசபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தது அங்கே மறக்க முடியாத நிகழ்ச்சி. ஆனால் இந்தச் சொல்லின் இன்னொரு பக்கத்தை அம்பேத்கர் காட்டினார். 1927-ல் அவர் தொடங்கிய மராத்தி இதழின் பெயர் ‘பஹிஷ்க்ருத் பாரத்’, அதாவது விலக்கி வைக்கப்பட்டவர்களின் பாரதம். நம் கிராமங்களில் இதற்குப் பெயர் ஊர்விலக்கு. கடையில் சாமான் கிடையாது, யாரும் பேசக் கூடாது, வேலைக்குக் கூப்பிடக் கூடாது. பார்னெல் சொன்ன பட்டியலை மறுபடி படித்துப் பாருங்கள். செயல் ஒன்றுதான். யார் யாருக்குச் செய்கிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

இன்று நாம் பொதுவாக எழுதுவது ‘புறக்கணிப்பு’. புறத்தே வைத்துக் கணிப்பது, பொருட்படுத்தாமல் விடுவது. நல்ல சொல்தான். ஆனால் ‘அரசு எங்கள் ஊரைப் புறக்கணிக்கிறது’ என்றும் சொல்கிறோம், ‘எங்கள் ஊர் தேர்தலைப் புறக்கணிக்கிறது’ என்றும் சொல்கிறோம். வலியவர் எளியவரைக் கைவிடுவதற்கும், எளியவர் வலியவரை எதிர்த்து நிற்பதற்கும் ஒரே சொல்.

இந்தக் குழப்பம் மார்ட்டின் லூதர் கிங்கையும் வாட்டியது. 1955 டிசம்பர் 1 அன்று அலபாமாவின் மாண்ட்கோமரி நகரில், பஸ்ஸில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானார். பஸ்களில் ஏறுவதில்லை என்று ஊர் முடிவெடுத்தபோது 26 வயதுப் பாதிரியார் கிங்குக்கு ஓர் உறுத்தல். கறுப்பின மக்களின் வேலையைப் பறிப்பது, கடன் தர மறுப்பது என்று வெள்ளையர் குடிமக்கள் மன்றங்கள் செய்துகொண்டிருந்ததும் பாய்காட்தானே? அவர்கள் ஆயுதத்தையே நாமும் எடுக்கிறோமா? யோசித்து ஒரு தெளிவுக்கு வந்தார். பஸ் கம்பெனியை முடக்குவது நோக்கமல்ல, தீய ஏற்பாட்டுக்குத் தரும் ஒத்துழைப்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். அதற்கப்புறம் ‘பாய்காட்’ என்ற சொல்லைத் தான் அரிதாகவே பயன்படுத்தியதாக 1958-ல் எழுதினார்.

அவர் தேடிய சொல் தமிழில் 1920-லிருந்தே இருக்கிறது: ஒத்துழையாமை. இதைப் படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இரண்டு சொல்லுக்கும் உள்ள தூரம் நடைமுறையில் பெரியது. புறக்கணிக்க, முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும். ஒத்துழைப்பை விலக்கிக்கொண்டால், அது நின்ற இடத்தில் வேறொன்றை நாமே கட்டியாக வேண்டும். மாண்ட்கோமரியில் பஸ் பயணிகளில் நான்கில் மூன்று பேர் கறுப்பின மக்கள். 381 நாள் அவர்கள் வேலைக்குப் போய் வர வேண்டுமே! முதலில் கறுப்பின டாக்சிக்காரர்கள் பஸ் கட்டணமான 10 சென்டுக்கே ஏற்றிச் சென்றார்கள். 45 சென்டுக்குக் குறையக் கூடாது என்று நகராட்சி மிரட்டியது. பேட்டன் ரூஜ் நகரில் 1953-ல் இதே மாதிரி நடத்திய பாதிரியார் ஜெமிசனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, சுமார் 300 சொந்தக் கார்களை ஓட விட்டார்கள். கார் காப்பீடு ரத்தானது. லண்டனில் காப்பீடு பிடித்தார்கள்.

பெட்ரோலுக்குப் பணம்? ஜார்ஜியா கில்மோர் என்ற சமையற்காரப் பெண் தோழிகளைச் சேர்த்துக்கொண்டு, பொரித்த கோழியும் கேக்கும் செய்து விற்றுப் பணம் கொண்டுவந்து கொடுத்தார். யார் கொடுத்தது என்று தெரிந்தால் அந்தப் பெண்களுக்கு வேலை போய்விடும். அதனால் குழுவுக்கு அவர் வைத்த பெயர் ‘எங்கிருந்தும் வராத சங்கம்’. காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எங்கிருந்தும் இல்லை!

2020 மே மாதம் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் கையில் கொல்லப்பட்ட பிறகு, அந்த ஜூலையில், வெறுப்புப் பதிவுகளைத் தடுக்கவில்லை என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஃபேஸ்புக்கில் விளம்பரத்தை நிறுத்தின. பெரும்பாலும் ஒரு மாதத்துக்கு. அந்த ஜூலையும் சேர்ந்த காலாண்டில் ஃபேஸ்புக்கின் வருமானம் முந்தைய ஆண்டைவிட 22 சதவீதம் கூடத்தான் செய்தது. முடிவுத் தேதியை முன்கூட்டியே சொல்லிவிட்டால் எதிராளி காத்திருந்தால் போதும். மாண்ட்கோமரியிலும் முதலில் ஒரே நாள்தான் திட்டம். அன்று மாலைக் கூட்டத்தில் மக்களே அதை நீட்டினார்கள். இன்றைய இயக்கங்கள் அவர்களிடம் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தப் பிடிவாதம் என்பேன். 2025-ல் டார்கெட் என்ற அமெரிக்கச் சங்கிலிக் கடைகளுக்கு எதிராக ஜார்ஜியா மாநிலப் பாதிரியார் ஜமால் பிரையன்ட் அழைப்பு விடுத்தபோது ‘நோன்பு’ என்றார். கிங்கைப் போலவே அவரும் வேறு சொல் தேடியிருக்கிறார்.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். 2020 ஆகஸ்டில், கெனோஷாவில் ஜேக்கப் பிளேக்கைப் போலீஸ் சுட்டதைக் கண்டித்து மில்வாக்கி பக்ஸ் கூடைப்பந்து அணி களத்தில் இறங்கவில்லை. ஊடகங்கள் ‘பாய்காட்’ என்றன. வீரர்கள் அங்கே ஊழியர்கள். ஊழியர் வேலைக்கு வராவிட்டால் அது வேலைநிறுத்தம். தமிழில் எழுதும்போதாவது சரியாக எழுதலாம்.

என் பரிந்துரை இது. பொருளை வாங்காமல் இருப்பதற்குப் புறக்கணிப்பு போதும். ஒரு மனிதரை ஊரே தள்ளிவைத்தால், செய்கிறவர் நமக்கு வேண்டியவராக இருந்தாலும், அது ஊர்விலக்கு. மாண்ட்கோமரிக்கு ஒத்துழையாமை. செய்தி வாக்கியத்தில் பெயர்ச்சொல்லே வேண்டாம், வினையே போதும். ரோசா பார்க்ஸ் கைதான இரவு ஜோ ஆன் ராபின்சன் என்ற ஆங்கிலப் பேராசிரியை கல்லூரியின் நகலெடுக்கும் எந்திரத்தில் விடிய விடியப் பல்லாயிரம் துண்டறிக்கைகளை அடித்து, வெட்டிக் கட்டினார். அதில் ‘பாய்காட்’ என்ற சொல் இல்லை. திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறாதீர்கள் என்றுதான் இருந்தது.