டெலிரியம்: சால் விட்டு விலகிய ஏர்

கொடைக்கானல் மேல்மலையில் இருக்கும் பூம்பாறைக்காரர் ஒருவர், எங்களுக்குப் பெரியப்பா முறை. நிமோனியா முற்றி மதுரையில் ஒரு மருத்துவமனையின் ஐசியுவில் கிடந்தார். மூன்றாம் நாள் இரவு, கையில் குத்தியிருந்த ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "மழை இறங்கிருச்சு, பூண்ட உள்ள எடுத்து வைங்கடா" என்று ஒரே சத்தம். வெளியே ஒரு சொட்டு மழை இல்லை. "ஜன்னி கண்டுருச்சு" என்று பெரியம்மா அழுதார். மருத்துவர் தாளில் எழுதியது 'டெலிரியம்'. இரண்டும் ஒன்றா என்று என்னைக் கேட்டார்கள். ஏறக்குறைய ஒன்றுதான் என்றேன். அந்த ஏறக்குறையவில்தான் சிக்கலே.

டெலிரியம் லத்தீன் சொல். 'டே' என்றால் விட்டு விலகி. 'லிரா' என்பது உழும்போது எழும் பார், ஏர் கிழிக்கும் சால் என்றும் பொருள். சால் விட்டு ஏர் விலகுவதே 'டெலிராரே'. அது புத்தி தடம் மாறுவதற்கும் ஆகி வந்தது. முதல் நூற்றாண்டிலேயே செல்சஸ் என்ற ரோமானியர் தம் மருத்துவ நூலில் இதை எடுத்தாண்டிருக்கிறார். மேல்மலையில் தட்டுத் தட்டாக இருக்கும் காட்டில் மாடு பூட்டியவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ஒரு சால் கோணினால் அடுத்ததும் அதோடு கோணும்.

இன்றைய மருத்துவத்தில் இதன் பொருள் இன்னும் கறாரானது. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ திடீரென வரும். கவனம் ஓரிடத்தில் நிற்காது. காலையில் தெளிந்து இரவில் மோசமாகும். காரணம் உடம்பில் இருக்கும்: கிருமித் தொற்று, ஆக்சிஜன் குறைவு, தூங்க வைக்கும் மருந்து. இது பைத்தியமும் அல்ல, முதுமை மறதி நோயும் அல்ல. 2013இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வில், தீவிர சிகிச்சையில் இருந்த 821 பேரில் 74 சதவீதத்தினருக்கு இது வந்திருந்தது. எத்தனை நாள் நீடித்ததோ அதற்கேற்ப, ஓராண்டு கழித்தும் நினைவும் சிந்தனையும் மந்தப்பட்டிருந்தன. ஆக, "ஊருக்குப் போனா சரியாயிரும்" என்று விட்டுவிடும் காரியமில்லை.

இனி, இதைத் தமிழில் சொல்ல நம்மிடம் இருக்கும் சொற்கள். முதலில் சன்னி, பேச்சில் ஜன்னி. வடமொழி 'சந்நிபாதம்' குறுகி வந்தது. வாதம், பித்தம், கபம் மூன்றும் சேர்ந்து கெடுவது என்று பொருள். கோளாறு உடம்பில் என்று சொன்ன வகையில் நல்ல சொல்தான். ஆனால் வலிப்பும் ஜன்னி, பிள்ளை பெற்றவளுக்கு வரும் காய்ச்சலும் ஜன்னி என்று அது எங்கெங்கோ பரந்துவிட்டது. நாம் ஜன்னி என்றால் மருத்துவர் வலிப்பு என்று எடுத்துக்கொள்ளக்கூடும். இன்னொன்று, ஜன்னி என்றதும் ஊசி போட்டு அடக்கச் சொல்லத் தோன்றும். 2018இல் வெளியான ஆய்வில் 566 பேரைப் பிரித்து, அப்படி அடக்கப் பயன்படும் ஹாலோபெரிடாலையும் ஜிப்ரசிடோனையும் மருந்துச் சரக்கு எதுவுமில்லாத வெற்று மருந்தோடு ஒப்பிட்டார்கள். டெலிரியம் நீடித்த நாள்கள் குறையவில்லை.

சித்தப்பிரமை என்று எழுதுவோர் உண்டு. எங்கள் ஊரில் அதைக் கேட்டால் குடும்பமே வாய் மூடிக்கொள்ளும். தீராத பைத்தியம் என்றுதான் காதில் விழும்.

எனக்கு ஆசையான சொல் மயக்கம். தொல்காப்பியத்தின் 'திணை மயக்கம்' ஒரு நிலத்துக்குரியது மற்றொன்றில் கலப்பதைச் சொல்வது. மதுரை மருதத்தில் படுத்துக்கொண்டு குறிஞ்சி மழையைக் கண்டாரே பெரியப்பா! ஆனால் ஐசியுவில் இந்தச் சொல்லுக்கு இடமில்லை. அங்கே மயக்கம் என்றால் நினைவு தப்புவது, மயக்க மருந்து கொடுப்பது. புழக்கத்துக்கு எதிராக இலக்கணம் பேசி நோயாளியைக் குழப்பக் கூடாது.

பிதற்றலும் போதாது. ஏன் போதாது என்று ஐந்தாம் நாள்தான் எனக்கு விளங்கியது. பெரியப்பா கத்துவதை நிறுத்தினார், கூரையைப் பார்த்தபடி அசையாமல் கிடந்தார். "அமைதியாயிட்டாரு" என்று நாங்கள் மூச்சு விட்டோம். சிஸ்டர் மட்டும் விடவில்லை. பெரியப்பா கையைப் பிடித்துக்கொண்டு, ஆங்கில 'ஏ' எழுத்து வரும்போதெல்லாம் கையை அமுக்கச் சொல்லி, பத்து எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். பெரியப்பா ஒரு முறைதான் அமுக்கினார். பிறகு "கல்லு தண்ணில மிதக்குமா? கடல்ல மீன் இருக்கா?" என்று சிஸ்டர் கேள்விகள் கேட்டார். (எங்கள் ஆளிடம் ஏரி மீனைக் கேட்டிருக்கலாம்.) இது 2001இல் அமெரிக்காவில் வெஸ்லி ஈலி குழுவினர் வகுத்த சோதனை, தொண்டையில் குழாய் இருப்பவரையும் தலையசைக்க வைத்தே சோதிக்கலாம். டெலிரியம் போகவில்லை, அடங்கிக் கிடக்கிறது என்றார் சிஸ்டர். இப்படி ஓசையில்லாமல் வருவதுதான் கண்ணில் படாமல் போகிறது. பிதற்றல் என்று பெயர் வைத்தால், பிதற்றாதவரை யார் பார்ப்பார்கள்?

ஆகவே நான் மருட்சி என்பேன். "பொருளல்ல வற்றைப் பொருளென்று உணரும் மருள்" என்கிறது 351ஆம் குறள். இல்லாத மழையைக் கண்டதும் அதுவேதான். அடுத்த குறளிலேயே 'மருள்நீங்கி' என்று வருவதால், நீங்கக்கூடியது என்ற குறிப்பும் சொல்லிலேயே கிடைக்கிறது. மருள் என்று மட்டும் சொன்னால் கோயிலில் அருள் வந்து ஆடும் மருளாளி நினைவுக்கு வருவார். மருட்சிக்கு அந்தத் தொந்தரவு குறைவு. மருண்ட பார்வை என்று நாம் சொல்வதற்கு வாய்ப்பேச்சு தேவையில்லை, கண் போதும். எழுத்தில் 'திடீர் மருட்சி' என்றால் இன்னும் தெளிவு.

பெயர் சரியானால் செய்ய வேண்டியதும் மாறுகிறது. 2009இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்தவர்களை மருந்துத் தூக்கத்திலிருந்து எழுப்பி, ஆரம்பத்திலேயே உட்கார வைத்து, கைகால் அசைக்கப் பழக்கினார்கள். டெலிரியம் நீடித்தது நான்கு நாளிலிருந்து இரண்டு நாளாகக் குறைந்தது. பெரியப்பாவுக்கு நாங்கள் கொண்டுபோனது அவருடைய மூக்குக் கண்ணாடி. நான்கு நாளாக அது பெரியம்மா பையில் கிடந்தது.

ஐசியு வாசலில் நிற்பவர்கள் "தூங்குறாரா?" என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். "மருட்சி இருக்கான்னு பாத்தீங்களா சிஸ்டர்?" என்றும் கேட்கலாம்.