விசாரித்தால் கோபித்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள்

"அம்மா, அவரைப் பத்தி என்கிட்ட முதல்ல கேக்குறது நீங்கதான்."

போன வாரம் ஒரு பெரியவர் தொலைபேசியில் சொன்னது இது. தென்மாவட்டத்தில் ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் பல வருடம் பொருளாளராக இருந்தவர். அங்கே இயக்குநராக வேலை பார்த்த ஒருவரைப் பற்றித்தான் அவரிடம் விசாரித்தேன். விடுதி மளிகைக் கணக்கும் கட்டட நிதியும் உதைத்ததும், அங்கிருந்த நிர்வாகக் குழு அந்த மனிதரிடம் ராஜினாமா கடிதம் வாங்கிக்கொண்டு, நன்னடத்தைச் சான்றிதழ் ஒன்றையும் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறது. அந்தச் சான்றிதழை வைத்து அவர் இன்னொரு அறக்கட்டளையில் சேர்ந்தார். அங்கேயும் அதே கதை நடந்து முடிந்துவிட்டது. குழந்தைகள் இல்லம், மேல்நிலைப் பள்ளி, சின்ன மருத்துவமனை மூன்றையும் நடத்தும் அந்த இரண்டாவது அறக்கட்டளைதான் இப்போது புது இயக்குநரைத் தேடித் தரச் சொல்லி என்னிடம் வந்திருக்கிறது.

"சேர்க்கும்போது விசாரிச்சீங்களா?" என்று டிரஸ்டிகளைக் கேட்டேன்.

"சேகர குரு (சபைப் போதகர்) லெட்டர் கொடுத்தாரே மேடம். அதுக்கு மேல என்னத்த விசாரிக்க?"

ஊர், பதவி என்று சில விவரங்களை இங்கே மாற்றியிருக்கிறேன். மாற்றாமல் எழுதினாலும் இது எங்கள் ஊர்க் கதை என்று பத்துப் பேராவது நினைப்பார்கள். தொண்டு நிறுவனங்களுக்கும் திருச்சபை நிறுவனங்களுக்கும் மேல்நிலைப் பொறுப்பாளர்களைத் தேடித் தருவது பதினேழு வருடமாக என் தொழில். இப்படி ஒருவர் போன பிறகு என்னைக் கூப்பிட்டவர்களில் இந்த அறக்கட்டளை இரண்டு வருடத்தில் நாலாவது. நாலு இடத்திலும் பணம் போன விதம் வேறு வேறு, அதற்குள் நான் போகப்போவதில்லை. ஆனால் நாலு இடத்திலும் முன்பு வேலை பார்த்த இடத்துக்கு ஒரு போன் கூடப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஏன் கேட்கவில்லை என்றால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். "நல்ல குடும்பம். ஜெபிக்கிற மனுஷன். அவரைப் போய் விசாரிச்சா நாம சந்தேகப்படுறதா நினைச்சுக்குவாரே."

இந்த எண்ணத்தை முதலில் விடுங்கள். விசாரிப்பது சந்தேகப்படுவது ஆகாது. பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது மாப்பிள்ளை வேலை பார்க்கும் ஆபீஸ் வாசலில் இருக்கும் டீக்கடை வரைக்கும் விசாரிக்கிற ஊர் நம்முடையது. அதை எந்த மாப்பிள்ளை வீட்டாரும் அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை, அவர்களும் நம்மைப் பற்றி விசாரித்துக்கொண்டுதான் இருப்பார்கள். நூற்றைம்பது பிள்ளைகள் தூங்கும் விடுதியின் சாவியை ஒருவர் கையில் கொடுக்கும்போது மட்டும் எங்கிருந்து வருகிறது இந்தக் கூச்சம்?

நான் பார்த்தவரைக்கும், ஒழுங்காக வேலை செய்தவர்கள் விசாரணைக்குக் கோபப்படுவதே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு மருத்துவமனையின் நிர்வாகப் பொறுப்புக்கு ஒரு பெண்மணியை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தோம். ரெபரன்ஸ் கேட்டபோது மூன்று பெயர் கொடுத்தார். கிளம்பும்போது நின்று, நாலாவதாக ஒரு நம்பரும் கொடுத்தார். "இவர் எங்க பழைய டிரஸ்டி. மருந்து கொள்முதல் விஷயத்துல எனக்கும் அவருக்கும் பெரிய சண்டை. அவர்கிட்டயும் பேசிடுங்க, நான் சொல்றதை மட்டும் கேட்டு முடிவு பண்ணாதீங்க" என்றார். பேசினேன். அந்த டிரஸ்டி அரை மணி நேரம் அவரைக் குறை சொன்னார். கடைசியில், "ஆனா ஒரு பைசா அந்தம்மா கைல ஒட்டாது" என்றார். அந்தப் பெண்மணியை நாங்கள் எடுத்தோம். நேர்மையானவரை விசாரித்தால் அவருக்கு நல்லதுதான். விசாரிக்காமல் விட்டால் லாபம் மறைக்க ஏதாவது வைத்திருப்பவருக்கு மட்டும்தான்.

அப்புறம் 'தெரிந்தவர்' என்ற சொல். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, எந்த சபை என்று நேர்முகத்தில் கால் மணி நேரம் போகிறது. அந்தக் கேள்விகளுக்குள் சாதி இருக்கிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். இவ்வளவும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, ஆளைத் தெரிந்துகொண்டுவிட்டதாக நமக்கு ஒரு திருப்தி வந்துவிடுகிறது. அவருடைய அப்பாவை உங்களுக்குத் தெரியும், சரி. போன இடத்தில் செக்கில் இவரோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டது யார் என்று தெரியுமா? நாலு வருடத்தில் எத்தனை விடுதிக் காப்பாளர்கள் வேலையை விட்டுப் போனார்கள் என்று தெரியுமா?

ஆயரோ பங்குத்தந்தையோ கொடுக்கும் கடிதத்தைத் தப்பாகச் சொல்லவில்லை. வேலை கேட்டு வருபவர் ஆலயத்துக்கு ஒழுங்காக வருகிறார், குடும்பம் இப்படி என்பதற்கு அந்தக் கடிதம் சாட்சி. ஐந்து கோடி ரூபாய் வரவு செலவை அவர் எப்படிக் கையாண்டார் என்பது கடிதம் எழுதியவருக்கே தெரியாது. தெரியாத ஒன்றுக்கு அவரைச் சாட்சியாக்காதீர்கள்.

இன்னொரு நம்பிக்கை, ஓய்வு பெற்ற அரசு அதிகாரி என்றால் எல்லாம் சரியாக இருக்கும் என்பது. எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த நிர்வாகிகள் சிலர் அப்படி வந்தவர்கள்தான். ஆனால் அரசே தன் ஆட்களை அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதில்லை. மத்திய பொதுத்துறை நிறுவனங்களின் இயக்குநர் பதவிகளுக்குத் தேர்வு வாரியம் ஒருவரைப் பரிந்துரைத்த பிறகும், மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் ஒப்புதல் பார்த்துத்தான் நியமனம் நடக்கும். முப்பது வருடம் அதே நிறுவனத்தில் இருந்தவருக்கும் இது உண்டு. ஓய்வு பெற்று வருபவரிடம் ஒரு சின்னக் கேள்வி கேளுங்கள்: பணிக்கொடை முழுதாக வந்துவிட்டதா, ஓய்வூதிய ஆணையைப் பார்க்கலாமா? துறை நடவடிக்கை நிலுவையில் இருந்தால் தற்காலிக ஓய்வூதியம்தான் ஓடும், பணிக்கொடை நிற்கும். மரியாதையாகக் கேட்டால் மரியாதையாகவே காட்டுவார்கள்.

வெளிநாட்டிலும் இதை லேசாக விடவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும், மோசடி போன்ற குற்றங்களில் தண்டனை பெற்றவர்கள் தொண்டு நிறுவன அறங்காவலராக இருக்க முடியாது என்றிருந்த தடையை, 2018 ஆகஸ்ட் 1 முதல் தலைமை நிர்வாகிக்கும் நிதித் தலைவருக்கும் சேர்த்து நீட்டினார்கள். சாவி யார் கையில் இருக்கிறதோ அவரைப் பார் என்பதுதான் அங்கேயும் கணக்கு.

நம் ஊரில் சட்டமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் வந்த போக்சோ விதிகள் 2020-ஐ எடுத்துப் படியுங்கள். குழந்தைகள் தங்கும் இடமோ, குழந்தைகள் தினமும் வந்து போகும் இடமோ, அங்கே குழந்தைகளோடு தொடர்பு வரும் ஒவ்வொரு பணியாளருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பும் பின்னணி விசாரணையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் நடக்க வேண்டும் என்கிறது. நிரந்தரமா ஒப்பந்தமா என்ற வித்தியாசம் அதில் கிடையாது. வாட்ச்மேனுக்கும் சமையல்காரருக்கும் சரிபார்ப்பு வாங்கி ஃபைலில் வைத்திருக்கும் நிறுவனங்கள், தாளாளருக்கும் இயக்குநருக்கும் வாங்கியிருக்கின்றனவா என்று கேட்டால் முழிக்கிறார்கள். பெரிய பதவி என்பதாலேயே விட்டுவிடுகிறோம். பிள்ளைகள் அறைக்குள் எந்த நேரமும் கேள்வி கேட்பாரின்றிப் போகக்கூடியவர் அந்தப் பெரிய பதவிக்காரர்தான்! இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் போலீசில் சொல்லாமல் மறைத்தால், போக்சோ சட்டத்தில் அவருக்கே ஒரு வருடம் வரை சிறை உண்டு. "நிறுவனப் பேரு கெட்டுடும், உள்ளுக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்" என்று சொல்லும் பழக்கம் உள்ளவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

பண விஷயமும் அப்படித்தான். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்துவிட்டது. வந்த பணத்தை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. இதெல்லாம் தெரியாத ஒருவரோ, தெரிந்தும் துணிந்து மீறுகிற ஒருவரோ பொறுப்பில் இருந்தால், வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான பதிவே போய்விடலாம். பதிவு போனால் அவருக்கு வேறு வேலை கிடைக்கும். விடுதிச் சமையலறைக்கு வேறு பணம் எங்கிருந்து வரும்?

சரி, என்னதான் செய்வது? வேட்பாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், எல்லோரையும் விசாரிப்போம், உங்களையும் விசாரிப்போம் என்று. எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது வேலையில் இருப்பவரின் நிறுவனத்துக்கு அவர் அனுமதி இல்லாமல் தயவுசெய்து போன் செய்யாதீர்கள். அப்படிச் செய்து ஒரு நல்ல மனிதரின் வேலையை ஒரு குழு கெடுத்ததை நேரில் பார்த்திருக்கிறேன், இன்றைக்கும் மனசு ஆறவில்லை. ஆர்டர் கொடுக்கும் கட்டத்தில், அவருக்குத் தெரிந்தே கேளுங்கள். அதற்கு முந்தைய இடங்களுக்கு இந்தத் தயக்கம் தேவையில்லை.

அவர் கொடுக்கும் மூன்று பெயர்களோடு நிறுத்தாதீர்கள். அவை அவரே பொறுக்கி எடுத்த பெயர்கள். அவருக்குக் கீழே வேலை பார்த்த ஒருவரைக் கேளுங்கள், பழைய கணக்கரைக் கேளுங்கள். ஆடிட்டர் ரகசியம் எதுவும் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. ஆனால் அந்த நிறுவனத்தின் சம்மதத்தோடு, வேட்பாளர் அங்கே இருந்த காலத்தில் எஃப்.சி.-4 ரிட்டர்ன் (வெளிநாட்டு நன்கொடைக்கான வருடக் கணக்கு) டிசம்பர் 31-க்குள் போனதா என்று கேட்டால் பதில் சொல்வார். அந்த ஒரு பதிலில் ஒரு நிர்வாகியின் பாதி குணம் தெரிந்துவிடும். பயோடேட்டாவில் எட்டு மாதம் இடைவெளி இருந்தால் ஏன் என்று கேளுங்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பதும் நியாயமான பதில்தான், கேட்காமல் அதுவும் தெரியாது. இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டு வழக்கு இருக்கிறதா என்று பார்க்கலாம், ஒரே பெயரில் பலர் இருப்பார்கள் என்பதால் அவசரப்பட்டு முடிவுக்கு வராதீர்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் வேலைக்கான சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது.

போனில் பேசும்போது "ஆள் எப்படி?" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். "நல்லவர்தான்" என்பார்கள், அதோடு முடிந்துவிடும். "மறுபடியும் உங்கள் நிறுவனத்தில் இவருக்கு இதே பொறுப்பைக் கொடுப்பீர்களா?" என்று கேட்டுவிட்டு, பேசாமல் காத்திருங்கள். பதில் உடனே வருகிறதா, இழுத்து வருகிறதா என்று கவனியுங்கள். கடிதத்தில் இது எதுவும் வராது, அதனால்தான் வாய்விட்டுப் பேசச் சொல்கிறேன்.

இனி நான் கேட்டுக்கொள்வது, ஆளை அனுப்பிவைக்கும் நிறுவனங்களிடம். பிரச்சினை செய்தவருக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுக்காதீர்கள். வேலை பார்த்த தேதியும் பதவியும் மட்டும் எழுதிக் கொடுங்கள், அது போதும். "பாவம், பிள்ளைகுட்டிக்காரர்" என்று நீங்கள் இரக்கப்படுவது எனக்குப் புரிகிறது. அடுத்த ஊரில் இருக்கும் இல்லத்திலும் பிள்ளைகள்தான் இருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் மானநஷ்ட வழக்குப் போடுவார் என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். கேட்டவரின் நலனுக்காக, நல்லெண்ணத்தோடு, முறையாக விசாரிப்பவரிடம் சொல்வதற்கு அவதூறுச் சட்டத்திலேயே விதிவிலக்கு இருக்கிறது. ஆதாரம் உள்ளதை மட்டும் சொல்லுங்கள், ஊர் வம்பைச் சேர்க்காதீர்கள். பயமாக இருந்தால் உங்கள் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

அந்தப் பழைய பொருளாளரிடம், நீங்களாகவே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "சொல்லியிருக்கணும். ஒருத்தராவது கேட்டா சொல்லிடுவோம்னு இருந்தேன்மா" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது.

அந்த இரண்டாவது அறக்கட்டளையின் தேர்வு இப்போது நடந்துகொண்டிருக்கிறது. ஐந்து பேர் பட்டியலில் இருந்தார்கள். முந்தைய மூன்று இடங்களிலும் பேசுவோம் என்று எழுதி அனுப்பியதும் ஒருவர் விலகிக்கொண்டார், காரணம் சொல்லவில்லை. மீதி நாலு பேரும் சம்மதக் கடிதம் அனுப்பிவிட்டார்கள். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் ஆள் வேண்டும் என்று டிரஸ்டிகள் அவசரப்படுகிறார்கள். விசாரணை முடிய இன்னும் மூன்று வாரம் ஆகும், அதுவரைக்கும் மூத்த தலைமையாசிரியை பொறுப்பில் இருக்கட்டும், செக்கில் இரண்டு டிரஸ்டிகள் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். நேற்று இரவு தீர்மானம் போட்டு ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.